வெறும் வயிற்றில் எல்லாம் சரி

மலேசியாவில் ஓர் அரசாங்க கிளினிக்கில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தேன். முதலில் எழுத்தர், பிறகு தலைமை எழுத்தர். அத்தனை ஆண்டுகளில் நான் நேரடியாகச் செய்த மருத்துவ சேவை ஒன்றுதான்: சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் இருட்டிலேயே கிளம்பி, கிடைத்த மோட்டர்சைக்கிளில் தொற்றிக்கொண்டு, ஏழரைக்கு என் முகப்பு மேசை முன் நிற்பார்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பேன். "இல்லைங்க ஐயா, ரெண்டு பிஸ்கோத்துதான்" என்பார்கள். பிஸ்கோத்து சாப்பாட்டில் சேராது என்பது எங்கள் மக்களின் உறுதியான நம்பிக்கை. "நாளைக்கு வாங்க" என்பேன். ஒரு நாள் கூலி போகுமே என்று யாராவது முனகினால் சுவரைக் காட்டுவேன். இரவு பத்து மணிக்குப் பிறகு எதுவும் உண்ணக்கூடாது என்று மூன்று மொழிகளில் அங்கே ஒட்டியிருந்தது. மூன்றையும் எழுதியவன் நான். தமிழில் ஒற்றுப்பிழைகூடக் கிடையாது.

விதி தெரிந்தவனுக்கு உலகம் சுலபம் என்று நினைத்துக்கொண்டுதான் ஓய்வு பெற்றேன். என் தங்கையின் விஷயத்தில் ஏழு மாதங்களை நான் வீணாக்கியது அந்த நினைப்பால்தான்.

தங்கைக்கு ஐம்பத்தேழு வயது. கணவர் போன பிறகு, கோலா பிலாவுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடு ஒன்றில் தனியாக இருக்கிறாள். பள்ளி வேன் ஓட்டுகிறாள். மூன்று தோட்டங்கள், இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு தமிழ்ப்பள்ளி. மகன் சிரம்பானில் வேலை பார்க்கிறான்; தன்னோடு வந்துவிடச் சொல்லி வாரம் ஒருமுறை அழைப்பான். இவள் வாரம் ஒருமுறை மாட்டேன் என்பாள். வேன் இருக்கும்வரை அந்த வாதத்தில் இவள்தான் ஜெயிப்பாள் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அந்த ஏழு மாதத்துக்கு முந்தைய ஆண்டு அவளுடைய இரைப்பையில் பாதி போய்விட்டது. முழங்கால் வலிக்கென்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய மாத்திரையை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இரண்டு வருடம் விழுங்கியிருக்கிறாள். புண் வந்து, புண் ஓட்டையாகி, ஆம்புலன்சில் போனாள். கீழ்ப்பாதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். மூன்று மாதத்தில் எழுந்து மறுபடி ஸ்டியரிங் பிடித்துவிட்டாள். பிரச்சினை அதற்குப் பிறகு வந்தது.

ஒரு நாள் பிற்பகல், பிள்ளைகள் எல்லாரையும் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் கண் இருட்டிவிட்டது என்றாள். வேன் செம்பனை ஓலைக் குவியலில் மெதுவாகச் சாய்ந்து நின்றிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தானாகவே தெளிந்து முச்சந்திக் கடைவரை ஓட்டி வந்திருக்கிறாள். சட்டை நனைந்து கை நடுங்க நின்றவளைப் பார்த்ததும் கடைக்காரப் பெண் தண்ணி கலக்கிக் கொடுத்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் யார் வந்தாலும், வந்தவர் மயங்கி விழுந்தாலும், முதலில் தண்ணி கலக்குவார்கள். தே, கொப்பி, மைலோ, எதுவானாலும் டின் பால் பாதி டம்ளருக்கு நிற்கும். அதைக் குடித்து நன்றாகிவிட்டேன் என்றவளை, நான் விடாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். எங்கள் நாட்டு அளவில் நான்குக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. பதினான்கு.

"இனிப்பு நீர்தான்" என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். எனக்கு அந்தச் சர்க்கரை நோய் பதினெட்டு வருடமாக இருக்கிறது, எங்கள் அப்பாவுக்கும் இருந்தது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவளுக்கும் ஒரு புத்தகம் போட்டார்கள். உறுதிசெய்ய வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும், தேதி கொடுக்கிறோம் என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். முறைப்படி எல்லாம் நடந்தது.

அன்று மாலை, உடம்பு சரியாகும்வரை வேன் ஓட்டக்கூடாது என்றேன். ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவள் சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர், உரிய லைசன்ஸோடு இருந்தார். அவரை ஏற்பாடு செய்தாள். அவ்வளவு சுலபமாக அவள் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். என் பேச்சுக்குக் கட்டுப்பட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெறும் வயிற்று ரத்தம் சுத்தமாக இருந்தது. மறுபடி எடுத்தார்கள். சுத்தம். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையும் சுத்தம். இனிப்பு நீர்ப் புத்தகத்தை மூடினார்கள். மயக்கத்துக்கு வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். எதற்கும் பொருந்தாத நோயாளிக்கு வைட்டமின் கொடுப்பது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே உள்ள நடைமுறை.

இதற்கிடையில் மயக்கம் அவளை விடவில்லை. விழவில்லை, ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று முறை வியர்த்து, படபடத்து, பேச்சுக் குழறி, அரை மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஊரில் எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. காத்து சேர்ந்துவிட்டது என்றார் ஒருவர். ஆபரேஷனில் ரத்தம் குறைந்துவிட்டது என்றார் இன்னொருவர். அந்தப் பாதையில் மதிய நேரத்தில் யாரோ நிற்பதாகக் கடைக்காரப் பெண் சொன்னாள். எல்லாரும் ஆளுக்கு ஒரு டம்ளர் கலக்கிக் கொடுத்தார்கள்.

நான் அறிவியல் முறையில் இறங்கினேன். என்னுடைய குத்திப் பார்க்கும் மெஷினை அவளிடம் கொடுத்தேன். ஒரு கோடு போட்ட நோட்டில் கட்டங்கள் வரைந்தேன்: தேதி, நேரம், கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம், அளவு, கையொப்பம்.

"கையெழுத்து எதுக்குண்ணே?" என்றாள்.

"பொறுப்பு வேணும்ல."

"என் வெரலு, என் ரத்தம், என் வீடு. யாருக்குப் பொறுப்பு?"

ஆனாலும் போட்டாள். தினமும் காலை ஆறு மணிக்கு, எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குத்தி எழுதிக் கையெழுத்திட்டாள். நாலு புள்ளி ஒன்பது. ஐந்து. நாலு புள்ளி ஏழு. என் விரலிலிருந்து இவ்வளவு அழகான எண்கள் ஒருநாளும் வந்ததில்லை. பக்கம் பக்கமாக அவற்றைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். அவளுக்குச் சர்க்கரையில் எந்தக் கோளாறும் இல்லை என்று நாற்பத்தொரு நாள் சான்றோடு நிரூபித்தேன்.

நாற்பத்திரண்டாவது நாள் ஞாயிறு. மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கோழிக்குழம்பு, சோறு, கடைசியில் ஜவ்வரிசிப் பாயசம் இரண்டு கிண்ணம். இரண்டு மணிவாக்கில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தவளின் நெற்றி முத்து முத்தாக வியர்த்தது. கண் எங்கேயோ போய்விட்டது.

என் மனைவி பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். "அந்த மெஷின் அவ கைப்பையிலதான் இருக்கு. எடுத்துக் குத்திப் பாருங்க" என்றாள்.

"சாப்பிட்டிருக்கா. இப்பப் பாத்தா கணக்குல சேராது."

"கணக்கு கெடக்கட்டுங்க. இப்ப என்னா இருக்குன்னு பாருங்க."

"உனக்குத் தெரியாது. வெறும் வயித்துல பாத்தாத்தான் அர்த்தம்."

மெஷின் கைப்பையிலேயே இருந்தது. நான் மைலோ கலக்கச் சொன்னேன். குடித்துத் தெளிந்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் குத்தி எழுதினாள்: ஐந்து புள்ளி ஒன்று. அடிக்கோடிட்டேன்.

இதை இப்போது எழுதும்போதுகூட அந்த நோட்டைக் கிழித்துப் போடத் தோன்றுகிறது. கிழிக்கவில்லை. ஆவணங்களை அழிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

மகன் தொலைபேசியில் கத்தினான். "மாமா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. வேன வித்துட்டு இங்க வரச் சொல்லுங்க. ரோட்ல கெடந்து செத்தா யாருக்குத் தெரியும்?" எல்லாச் சோதனையும் சரியாக இருக்கிறது என்று விளக்கினேன். "சரியா இருந்தா ஏன் மாமா மயக்கம் வருது?" என்றான். இதற்கு என்னிடம் கட்டம் இல்லை. பெற்றோர்களும் பொறுமை இழந்தார்கள். மாற்று ஓட்டுநர் பிள்ளைகளை அதட்டுகிறார், பழைய பாட்டை அலறவிடுகிறார், மழை நாளில் வாசல்வரை வருவதில்லை. அவரும் ஆண்டு இறுதியோடு மகள் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். புதிய பள்ளி ஆண்டு தொடங்கும்போது தங்கை திரும்பாவிட்டால் வேறு வேன் பார்த்துக்கொள்வோம் என்றார்கள் பெற்றோர்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது.

கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, யாரைப் பார்த்தால் யார் கையெழுத்து போடுவார் என்பதெல்லாம் பயன்படுத்தி, பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் நிபுணரைப் பார்க்கத் தேதி வாங்கினேன். முதல் மயக்கம் வந்து அப்போது ஏழு மாதம். தேதிச் சீட்டில் எழுதியிருந்தது: காலை எட்டு மணி, வெறும் வயிறு.

ஐந்தரைக்கே கிளம்பினோம். முந்தைய இரவு பத்திலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை என்பதற்கு நானே சாட்சி. அதற்காகவே அவளை எங்கள் வீட்டில் தங்கவைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்குக் கணினி படுத்துவிட்டது. ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே எழுபது பேர் கையில் எண்ணோடு உட்கார்ந்திருந்தோம். எட்டேகாலுக்குக் கழிவறைக்குப் போகிறேன் என்று எழுந்தவள் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. வரிசை என்றாள். நான் நம்பினேன். அந்தக் கட்டடத்தில் எல்லாவற்றுக்கும் வரிசை இருந்தது.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் எண் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியவள் என்னைப் பார்த்து, "அப்பா, மணி அடிச்சிட்டாங்களா?" என்றாள். அப்பா போய் முப்பது வருடமாகிறது. முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை. தாதி மறுகையின் விரலில் சட்டென்று குத்திப் பார்த்தாள். இரண்டு புள்ளி மூன்று.

அதற்குப் பிறகு ஓடினார்கள். ரத்தத்தைக் குழாய்களில் எடுத்துக்கொண்டு, உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நிமிடத்தில் நிபுணரே இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, நம் தமிழ்ப்பெண், காலில் ஓட்டப்பந்தயச் சப்பாத்து.

"எப்பலேருந்து சாப்பிடல?"

"நேத்து ராத்திரி பத்து மணியிலேருந்து" என்றேன், பதவியில் இருந்த குரலில். "நான் பக்கத்துலயே இருந்தேன்."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. "ஆண்ட்டி, நெசமா சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

தங்கை கூரையைப் பார்த்தாள். "நாசி லெமாக் சாப்டேன்."

"எப்ப?"

"எட்டே காலுக்கு, கீழ கேண்டீன்ல. ரெண்டு குவே. ஒரு தே தாரிக். பசி தாங்கல டாக்டர். இந்த ஆளு கூட இருந்தா பட்டினியாலதான் சாவேன்."

என் காது சூடாகிவிட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊரார் எல்லாரையும் திருப்பி அனுப்பியவனின் சொந்தத் தங்கை! ஏழு மாதம் அலைந்து வாங்கிய தேதி! என்ன சொன்னேன் என்று முழுவதும் நினைவில்லை. 'பொறுப்பு' என்ற சொல் நான்கைந்து முறை வந்தது மட்டும் தெரியும். டாக்டர் என் பேச்சு முடியும்வரை காத்திருந்தார்.

"அங்கிள், ஆண்ட்டி சாப்பிடாம வந்திருந்தா, இன்னிக்கும் ரிசல்ட் அழகா வந்திருக்கும். நானும் வைட்டமின் எழுதி அனுப்பியிருப்பேன்" என்றார்.

பிறகு ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டார். நான் உட்கார்ந்தேன்.

"ரத்தத்துல சீனி ஏறினப்புறந்தான் கணையம் முழிச்சிக்கும்னு எல்லாரும் நெனக்கிறாங்க. அது மட்டும் இல்ல லா. சாப்பாடு குடலுக்குள்ள வந்த ஒடனே குடல் மொதல்ல சொல்லிடும், சீனி வருது, இன்சுலின் ரெடி பண்ணுன்னு."

"கொடலு பேசுமா?" என்றாள் தங்கை படுத்தபடியே.

"பேசும் ஆண்ட்டி. ஹார்மோன் விட்டுப் பேசும். ஒரே அளவு சீனிய வாயால குடிச்சா இன்சுலின் நெறைய வரும். அதையே டிரிப்புல நரம்பு வழியா ஏத்தினா, ரத்தத்துல சீனி அதே அளவுக்கு ஏறினாலும் கம்மியாத்தான் வரும். ஏன்னா குடலுக்கு விஷயமே தெரியாது."

இரைப்பைக்குக் கீழே ஒரு வாசல் இருக்கிறதாம். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும். குடலும் வந்த அளவுக்குத்தான் தகவல் அனுப்பும். தங்கைக்கு அந்த வாசலை வெட்டி எடுத்துவிட்டார்கள். நாசி லெமாக்கின் தேங்காய்ப்பால் சோறும் இனிப்புக் குவேயும் டின் பால் போட்ட தே தாரிக்கும் மொத்தமாகக் குடலில் கொட்டுகின்றன. சீனி சரேலென்று ஏறுகிறது. குடல் அலறுகிறது. கணையம் அந்த அலறலைக் கேட்டு இன்சுலினை வாரி இறைக்கிறது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் சீனி தீர்ந்துபோகிறது, இன்சுலின் தீரவில்லை. இருக்கிற கொஞ்சத்தையும் அது துடைத்து எடுக்க, ஆள் சாய்கிறாள். சாய்ந்தவளுக்குத் தண்ணி கலக்கிக் கொடுக்கிறோம். மறுபடி ஏறுகிறது, மறுபடி அலறல். கிளினிக்கில் அன்று பார்த்த பதினான்கு, கடைக்காரப் பெண்ணின் டின் பால்.

எனக்கு அலுவலக பாஷையில் அது உடனே புரிந்தது. முன்னறிவிப்புக் கடிதம் பெரிதாகப் போய்விடுகிறது. விருந்தாளி ஒருவர்தான், நூறு பேருக்குச் சமைத்துவிடுகிறார்கள். இத்தனை மாதம் புரியாமல்போனது இன்னொன்று. அந்தக் கடிதம் போகவே போகாத நேரமாகப் பார்த்து, காலை ஆறு மணிக்கு, நான் தினமும் போய்த் தபால்பெட்டியைத் திறந்து, கடிதம் எதுவும் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

எனக்கும் இனிப்பு நீர் என்றேன். டாக்டர் என் மருந்துகளைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். "அங்கிள் சாப்பிடற அந்த ரெண்டாவது மாத்திர, இதே குடல் ஹார்மோன ஒடம்பு சீக்கிரம் அழிச்சிடாம காப்பாத்தற மாத்திர. வாரம் ஒரு ஊசி போட்டு மெலியறாங்களே, அதுவும் இந்த ஹார்மோன் மாதிரியே செஞ்சதுதான்."

"அப்ப எனக்கு எச்சா இருக்கறத இவருக்குக் குடுத்துருங்க டாக்டர்" என்றாள் தங்கை. "ஒரே வவுத்துல பொறந்தவங்கதான, பொருந்தும்."

அடுத்த வாரம் ஒரு நாள் கட்டிலில் படுக்கவைத்து, வேண்டுமென்றே சீனித் தண்ணீர் குடிக்கவைத்து, அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். முதல் அரை மணியில் பதின்மூன்றுக்கு ஏறியது. இரண்டு மணி நேரத்தில் இரண்டரைக்கு இறங்கியது. "எழுதிக்கண்ணே" என்றாள், குழறும் குரலில். "கையெழுத்து போடவா?"

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாளைக்கு ஆறு சின்னச் சாப்பாடு. முட்டை, மீன், பருப்பு, கீரை முதலில். சோறு கடைசியில் ஒரு கை. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி கழித்து. இனிப்புத் தண்ணி எந்த ரூபத்திலும் கூடாது. மாவுச்சத்து கரைவதைத் தாமதப்படுத்த ஒரு மாத்திரை. முதல் மாதத்தில் கேட்டிருந்தால் முதல் மாதத்திலேயே கிடைத்திருக்கும் அறிவுரை.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு டாக்டர் கேட்டார். "வேன் ஓட்டறப்ப ஒரு தடவ வந்துச்சின்னு எழுதியிருக்கு. அப்ப வேன்ல யாரும் இல்லதான?"

"யாரும் இல்ல" என்றேன் நான். "எல்லாரையும் விட்டுட்டு வர்ற வழியில."

"ஒரு பிள்ள இருந்துச்சு" என்றாள் தங்கை.



கடைசித் தோட்டத்தின் கடைசி வீட்டுப் பெண்குழந்தை. ஒன்றாம் வகுப்பு. காலையில் முதலில் ஏறுவது அவள்தான், மதியம் கடைசியாக இறங்குவதும் அவள்தான். வேன் ஓலைக் குவியலில் நின்றபோது பின்சீட்டில் இருந்திருக்கிறாள். தங்கை கண்ணைத் திறந்தபோது குழந்தை முன்னால் வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்ததாம்.

"ஆண்ட்டி தூங்கறாங்கன்னு நெனச்சிருக்கு. எழுப்பக் கூடாதுன்னு சும்மா ஒக்காந்திருந்துச்சி. கால்கிட்ட ஒரு பிஸ்கோத்துப் பொட்டலம் பிரிச்சி வச்சிருந்துச்சி, எனக்குன்னு." அவள் என்னைப் பார்க்கவில்லை. "வீட்ல எறக்கி விட்டேன். அம்மாகிட்ட, ஆண்ட்டி தூங்கிட்டாங்கன்னு சொல்லியிருக்கும். அவங்க சிரிச்சிருப்பாங்க."

ஏழு மாதத்துக்கு முன் சாவி ஏன் அவ்வளவு சுலபமாக மேசைக்கு வந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

டாக்டர் எழுதினார்: மூன்று மாதம் ஒருமுறைகூட நான்குக்குக் கீழே இறங்கக் கூடாது, அதன் பிறகே ஓட்டலாம் என்று கடிதம் கிடைக்கும். பள்ளி திறக்க ஐந்து வாரம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், தங்கை பெயரில் ஆஸ்பத்திரிக்கு ஒரு விண்ணப்பம் எழுத இறங்கினேன். பள்ளி விடுமுறையில் எப்படியும் வேன் ஓடாது. முதல் ஐந்து வாரத்து அளவுகள் நன்றாக இருந்தால் மீதியைக் கண்காணிப்போடு தளர்த்தலாம். மேலே யாரிடம் முறையிடலாம் என்பதற்கும் வழி உண்டு. இரண்டு பக்கம். நான் எழுதியவற்றிலேயே சிறந்த கடிதம். வாழ்நாள் முழுவதும் விதியைக் காட்டி ஆட்களைத் திருப்பியவன், விதியில் ஓட்டை தேடி அவ்வளவு அழகாக எழுதியிருந்தேன். அவள் இழந்த ஏழு மாதத்தில் எனக்குள்ள பங்கை அந்த இரண்டு பக்கத்தில் ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அவள் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதுல அந்தப் பிள்ள எங்க இருக்கு?"

"அது தேவையில்லாத விவரம்."

"அப்ப நான் கையெழுத்து போடல."

"உன் நல்லதுக்குத்தான..."

"அண்ணே, மூணு மாசம்னு சொல்லிட்டாங்கல்ல. மூணு மாசம். நீங்கதான நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு ஊரையே அனுப்புனவரு. ஒரு தடவ நாமளும் போயிட்டு நாளைக்கு வருவம்."

அதோடு நிற்கவில்லை. நடந்ததைப் பெற்றோர்களிடம் தானே போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னாள். காரை ஓட்டிக்கொண்டு நான் போனேன். இரண்டு நாளில் பதினாறு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் உட்காரும் முன்பே தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். இவள் வேண்டாம் என்றாள். "ஏங்க்கா, எங்க வீட்டுல குடிக்க மாட்டீங்களா?" என்று முகம் சுருங்கியவர்களிடம் குடலும் ஹார்மோனும் விளக்க வேண்டியிருந்தது. நான் விளக்கினால் யாருக்கும் புரியவில்லை. "எனக்கு சீனி சாப்ட்டா சீனி கொறைஞ்சிடும்மா, என் வயிறு இப்ப அப்படி" என்று இவள் சொன்னால் சரி என்றார்கள். டம்ளர்கள் எனக்கு முன்னால் நகர்ந்தன. அந்த இரண்டு நாளில் என்னுடைய சர்க்கரை எவ்வளவு என்பதை எந்த நோட்டிலும் நான் எழுதவில்லை.

கடைசி வீடு அந்தக் குழந்தையின் வீடு. தாய் மைலோவை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தங்கை ஒன்றையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். குழந்தை உள்ளே கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"எவ்ளோ நேரம்க்கா என் பிள்ள அப்படி ஒக்காந்திருந்துச்சி?"

"தெரியலம்மா."

 தாய் எழுந்து, மேசையிலிருந்த இரண்டு டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரவில்லை. நாங்கள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். காரில், சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றேன். தங்கை கதவுக் கண்ணாடியை ஏற்றினாள்.

லாரி ஓட்டுநரைக் கெஞ்சி இன்னும் இரண்டு மாதத்துக்குப் பிடித்துவைத்தோம். எட்டுப் பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விட்டார்கள், அந்தக் குழந்தையும் சேர்த்து. மகன் மறுபடி வேனை விற்கச் சொன்னான். தங்கை சாப்பிட்டு ஒரு மணி நேரத்திலும், இரண்டு மணி நேரத்திலும் குத்திப் பார்த்து, சமையலறை நாட்காட்டியில் பென்சிலால் எழுதினாள். கட்டமும் இல்லை, கையொப்பமும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. மூன்று மாதம் முடிந்தது. நான்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. டாக்டர் கடிதம் கொடுத்தார். லைசன்ஸ் அலுவலக முகப்பில் அந்தக் கடிதத்துக்கு இன்னொரு கடிதம் வேண்டும் என்றார்கள். ஒன்பது நாள் அதிலும் போனது. முகப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகள் நானும் அதையே வைத்திருந்தேன்.

போன வாரம் அவள் மறுபடி ஓட்டத் தொடங்கினாள். பதினான்கு பிள்ளைகள். மூன்றாவது நாள், கண்காணிப்புக்கு என்று நானே என்னை நியமித்துக்கொண்டு, ஐந்தே முக்காலுக்கு முன்சீட்டில் ஏறினேன். மடியில் அவித்த முட்டையும் ஒரு பிடி கச்சான் கடலையும் வைத்த டப்பா. ஓட்டுவதற்கு முன் குத்திப் பார்த்து என்னிடம் காட்டினாள்: ஐந்து புள்ளி எட்டு.

முதல் நிறுத்தம் கடைசித் தோட்டத்துக் கடைசி வீடு. விளக்கைத் தணித்து வாசலுக்கு எதிரே நிறுத்தினாள். ஹார்ன் அடிக்கவில்லை. வீட்டில் விளக்கு எரிந்தது. யாரும் வரவில்லை. வேனுக்குள் பச்சை எண்களில் மணி ஆறு ஒன்றாகி, ஆறு இரண்டாகியது.

"இந்தப் பிள்ள இனிமே வராது" என்றேன். "பட்டியல்லயே இல்ல."

"தெரியும்."

"பின்ன?"

அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள்.

"வேணும்னா அந்த அம்மாவுக்கு நான் ஒரு கடிதம் எழுதிப் பாக்கறேன்."

"நீங்க எழுதனதெல்லாம் போதும்ண்ணே" என்று சொல்லி கியரைப் போட்டாள். அடுத்த வரிசையில் இரண்டு பிள்ளைகள் பையோடு நின்றிருந்தார்கள்.